பவர் வாங்கினால் இடம் நம்முடையதாகிவிடுமா?

கண்ணாடிக்குப் பவர், மாத்திரைக்குப் பவர் என்று அன்றாடம் புழங்கும் சொல்தான். சார்பதிவாளர் அலுவலக வாசலில் அது ஒரு பத்திரத்தின் பெயர். “இடத்தைப் பவர் வாங்கிவிட்டேன்” என்று சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பலர், முழு விலையையும் கொடுத்து முடித்த பிறகே வழக்கறிஞரைத் தேடுகிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பவர் பத்திரம் என்பது ஒருவர் தம் சார்பில் செயல்பட இன்னொருவரை முகவராக நியமிக்கும் ஆவணம். ‘விற்கவும் அதிகாரம் உண்டு’ என்று அதில் எழுதியிருந்தாலும், கிரயம், அதாவது விற்பனை, பதிவாகும் நாள்வரை சொத்து பவர் எழுதிக்கொடுத்தவருடையதே. பொது அதிகாரப் பத்திரம் (பவர்), விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றைச் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டாலும் உரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரமே அதை மாற்றும் என்று உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

மக்கள் அதிகம் ஏமாறுவது மரணத்தில்தான். எழுதிக்கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி அதிகாரம் முடிந்துவிடும். இதை அறியாமல், பெரியவர் காலமான பின்னும் பழைய பவரைக் காட்டி விற்பவர்களும், வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துவிட்டு வாங்குபவர்களும், பின்னாளில் வாரிசுகள் தொடுக்கும் வழக்கில் சிக்கி ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். முகவருக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் அதிகாரம் அப்படி முடியாது என்று 202ஆம் பிரிவு விலக்களிப்பது உண்மை. ஆனால் அந்த உரிமையை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும் என்பதால், அதை நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முகவரிடம் வாங்கும்போது, உரிமையாளர் உயிருடன் இருப்பதற்கான அண்மைச் சான்றைக் கேளுங்கள். முடிந்தால் அவரிடமே நேரில் பேசிவிடுங்கள்.

கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஊரில் உள்ள உறவினருக்குப் பவர் கொடுக்கும்போது, வாடகை வசூலிக்க மட்டும் என்றால் அதை மட்டுமே எழுதுங்கள். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டியதில்லை. நம்பிக்கை போய்விட்டால் ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்வதோடு நின்றுவிடாமல், முகவருக்குப் பெற்றுக்கொண்டதற்கான சான்று கிடைக்கும்படி தபால் அனுப்பி, நாளிதழிலும் அறிவிப்புக் கொடுங்கள்; ஏனெனில் ரத்தான செய்தி தெரியவரும்வரை, முகவரையும் அவரோடு பேரம் பேசுகிறவர்களையும் பொறுத்தமட்டில் பழைய அதிகாரம் நீடிப்பதாகவே ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவு கொள்கிறது.