விலாவில் எழும் அக்கி எங்கிருந்து வருகிறது?

திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மாமியாருக்கு இடது விலாவில் இரண்டு நாளாக எரிச்சல். வாயுப் பிடிப்பு என்று பூண்டு தட்டிப்போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலையில் முதுகிலிருந்து மார்புக்கு அடிவரை கொத்துக் கொத்தாகக் கொப்புளம். "மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டில் மூன்று நாள் அக்கி எழுதினால் சரியாகிவிடும் என்கிறார்கள். சுற்றி வந்து தலையும் வாலும் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் பயமுறுத்துகிறார்கள். எட்டு மாதப் பேரன் அவர் மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். என்ன செய்ய?"

இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், அம்மா. மாமியாரை இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ஏன் இன்றைக்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அக்கியை உண்டாக்குவது சின்னம்மை வைரஸேதான். வேரிசெல்லா சோஸ்டர் என்று பெயர். மாமியாருக்குச் சிறுவயதில் சின்னம்மை போட்டு, வேப்பிலை விரித்துப் படுக்க வைத்து, கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மனை அனுப்பி வைத்திருப்பார்கள். வைரஸ் மட்டும் கிளம்பவில்லை.

வைரஸின் அமைப்பு பள்ளியில் படித்ததுதான். நடுவில் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ., அதைச் சுற்றிப் புரதக் கூடு, சிலவற்றுக்கு அதற்கும் மேல் ஒரு கொழுப்புறை. பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாவற்றையும் நாம் மாரியம்மன் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறோம். அமெரிக்க உயிரியலாளர் டேவிட் பால்டிமோர் 1971இல் வைரஸ்களை வகுத்த முறை தோலைப் பார்ப்பதில்லை. வைரஸ் தன் மரபுப்பொருளிலிருந்து எம்.ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான கட்டளை நகலை, எந்த வழியில் எடுக்கிறது என்றுதான் பார்க்கிறது. இன்று அதில் ஏழு வகுப்புகள். பெரியம்மையும் சின்னம்மையும் இரட்டை இழை டி.என்.ஏ. கொண்ட முதல் வகுப்பு, ஆனால் குடும்பம் வேறு: முன்னது பாக்ஸ், பின்னது ஹெர்பிஸ். தட்டம்மையும் பொன்னுக்கு வீங்கியும் ஆர்.என்.ஏ. வைரஸ்கள், ஐந்தாம் வகுப்பு. ருபெல்லாவும் கொரோனாவும் நான்காம் வகுப்பு. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், ஆள் குணமான பிறகு அந்த வைரஸுக்கு உடம்பில் தங்க இடமில்லை. ஹெர்பிஸ் குடும்பத்துக்கு இடம் உண்டு.

அந்த இடம் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது. தோலிலிருந்து வலி, சூடு, தொடுகை எல்லாவற்றையும் கொண்டுவரும் நரம்புச் செல்களின் உடல்கள், தண்டுவடத்துக்கு இரு பக்கமும் சிறுசிறு முடிச்சுகளாகக் கூடியிருக்கின்றன. சின்னம்மைக் கொப்புளத்துக்கு அடியில் இந்த நரம்புகளின் நுனி பரவியிருக்கும். வைரஸ் அந்த நுனிக்குள் நுழையும்போது கொழுப்புறையைக் கழற்றிவிடுகிறது. உள்ளே போவது 100 நானோமீட்டருக்குச் சற்றுப் பெரிய புரதக் கூடு. (இரத்தத்தில் ஓடும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் மூலமும் முடிச்சுக்குப் போய்ச் சேரலாம். எனக்குப் பிடித்தது நரம்பு வழிதான்.)

விலாவிலிருந்து முடிச்சு வரை ஏறக்குறைய 30 செ.மீ. இருக்கும். நரம்பிழைக்குள் இருக்கும் திரவம் கூழ்போலக் கெட்டியானது. ஹெர்பிஸ் கூடு ஒன்று அதில் தானாக மிதந்து போவதென்றால் 1 செ.மீ. கடக்கவே 200 ஆண்டுக்கு மேல் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் நரம்பிழையின் நீளத்துக்கும் நுண்குழல்கள் என்ற தண்டவாளம் உண்டு. அதன்மேல் டைனீன் என்ற புரதம் இரண்டு கால் வைத்து, நுனியிலிருந்து செல் உடலை நோக்கி நடக்கிறது. நுனியில் தேய்ந்த சாமான்களைச் சுமந்து போவது அதன் அன்றாட வேலை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் லோடுமேன் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பதில்லை, மேலே இருக்கும் குறியைப் பார்த்துத் தூக்கிவிடுவார். டைனீனும் அப்படித்தான். வைரஸ் கூட்டின் மேல் ஒட்டியிருக்கும் சில புரதங்கள் அந்தக் குறியாக அமைகின்றன. நொடிக்கு 1 மைக்ரோமீட்டர் வேகம் என்றால் மூன்றரை நாளில் முடிச்சு வந்துவிடும்.

அடுத்தது இன்னும் அழகு. இந்த வைரஸின் டி.என்.ஏ.வில் சுமார் 1,25,000 எழுத்துகள். நீட்டி வைத்தால் 42 மைக்ரோமீட்டர், அதாவது கூட்டின் குறுக்களவைப் போல நானூறு மடங்கு. அதை உள்ளே திணித்து வைத்திருப்பதால் கூட்டுக்குள் அழுத்தம் எக்கச்சக்கம். இதன் உறவுக்காரரான முதலாம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸில் அளந்தபோது வளிமண்டல அழுத்தத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு இருந்தது. கூடு செல்லின் உட்கருவை அடைந்து, அதன் சுவரிலுள்ள துளையில் போய் ஒட்டிக்கொள்ளும். கூட்டின் வாய் திறக்கும். டி.என்.ஏ. உட்கருவுக்குள் பீய்ச்சி அடிக்கப்படும். காலிக்கூடு வெளியிலேயே நின்றுவிடும்.

உள்ளே போன டி.என்.ஏ. வட்டமாக முடிந்துகொண்டு, நம் செல்லின் புரதங்களையே போர்த்திக்கொண்டு, ஏறக்குறைய வாயை மூடிவிடுகிறது. வைரஸ் துகள் எதுவும் உருவாவதில்லை. நரம்புச் செல் பிரிந்து பெருகாது என்பதால் அந்த டி.என்.ஏ. கரைந்து தொலையவும் வழியில்லை. நோய் எதிர்ப்பு மண்டலமும் இங்கே கை ஓங்குவதில்லை. தோல் செல்லைக் கொன்றால் புதிது முளைக்கும், நரம்புச் செல்லுக்கு மாற்று கிடையாது. ஐம்பது அறுபது வருடம் இப்படியே ஓடும்.

வயதாகி டி செல்களின் கண்காணிப்பு தளரும்போதோ, புற்றுநோய் சிகிச்சையிலோ, ஸ்டீராய்டு மாத்திரை எடுக்கும்போதோ, ஒரு முடிச்சில் வைரஸ் விழித்துக்கொள்ளும். சர்க்கரை நோய் இருந்தாலும் வாய்ப்பு கூடும். முடிச்சுக்குள்ளேயே முதலில் அழற்சி வரும். தோலில் ஒன்றும் தெரியாமல் விலா எரிவது அப்போதுதான். பூண்டு கேட்காததற்குக் காரணமும் அதுதான். பிறகு புதிய துகள்கள், எதிர்த்திசையில் நடக்கும் கினீசின் என்ற புரதத்தின்மேல் ஏறித் தோலுக்குத் திரும்பும்.

ஒரு முடிச்சு உடம்பின் ஒரு பக்கத்தில் ஒரு பட்டைத் தோலுக்குத்தான் பொறுப்பு. அதனால்தான் அக்கி பட்டையாக எழுகிறது, நடுக்கோட்டில் நின்றுவிடுகிறது. தலையும் வாலும் சேராது. அதையும் மீறி இரண்டு பக்கமோ உடம்பு முழுக்கவோ எழுந்தால், எதிர்ப்பு சக்தி மிகவும் தளர்ந்திருக்கிறது என்று பொருள், பெரியாஸ்பத்திரிக்கே போக வேண்டும். 1900இல் ஹென்றி ஹெட், கேம்ப்பெல் என்ற, இங்கிலாந்தில் பணியாற்றிய இரண்டு மருத்துவர்கள், அக்கி வந்து இறந்தவர்களின் முடிச்சுகளை ஆராய்ந்து, எந்த முடிச்சுக்கு எந்தத் தோல் என்று மனித உடம்புக்கே வரைபடம் போட்டார்கள். இன்றும் நரம்பியல் மாணவர்கள் படிக்கும் படம் அதன் வழிவந்ததுதான்.

ஒளிந்திருப்பதால் வைரஸுக்கு என்ன லாபம்? தட்டம்மை அறாமல் ஓடிக்கொண்டிருக்கச் சில லட்சம் பேர் உள்ள ஊர் வேண்டும். சின்ன ஊரில் எல்லாருக்கும் வந்து போனபின் அதற்குப் பிழைப்பில்லை. சின்னம்மைக்கு அந்தக் கவலை கிடையாது. பாட்டியின் அக்கிக் கொப்புள நீரிலிருந்து பேரனுக்குச் சின்னம்மை தொற்றும், புதிய தலைமுறையில் கணக்கு மறுபடி தொடங்கும். இதைச் சொன்னவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. எட்கர் ஹோப்-சிம்சன், இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் சாதாரண டாக்டர். தன்னிடம் வந்த அக்கி நோயாளிகளைப் பதினாறு வருடம் நோட்டில் குறித்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தில் யெல் என்ற தீவுவரை போய் விசாரித்து, 1965இல் கட்டுரை எழுதினார். ஒரே ஆளுக்கு வந்த சின்னம்மையிலும் பின்னர் வந்த அக்கியிலும் இருந்தது ஒரே டி.என்.ஏ.தான் என்று 1984இல் ஆய்வகத்தில் காட்டினார்கள்.

ஆகவே பேரனை இப்போதைக்கு மடியில் விட வேண்டாம். கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை துணியால் மூடி வைத்து, கையைச் சோப்பால் கழுவினால் போதும். அவனுக்கு அக்கி வராது, சின்னம்மை வரலாம்.

இனி அக்கி எழுதுவது. மானாமதுரையிலும் விளாச்சேரியிலும் மண்ணை உருவமாக்கும் கைகள்மேல் எனக்கு மரியாதை உண்டு. காவி குழைத்து உடம்பில் சிங்கம் எழுதுகிறவர் யாரையும் ஏமாற்றுவதாகவும் நான் நினைக்கவில்லை. அக்கி இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானே ஆறும், பெயர் காவிக்குப் போகும். என் கோபம் அந்த மூன்று நாளின்மேல். ஏசைக்ளோவிர் மாத்திரை நன்றாக வேலை செய்வது கொப்புளம் எழுந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான். வைரஸின் நொதி ஒன்று அந்த மருந்தை விழித்தெழ வைக்கும், பிறகு அது டி.என்.ஏ. இழையில் போலி எழுத்தாகச் சேர்ந்து நீள விடாமல் நிறுத்தும். நல்ல செல்லில் அந்த நொதி இல்லாததால் அங்கே பெரும்பாலும் சும்மா கிடக்கும். இந்த மருந்துகளுக்கு வழி திறந்த அமெரிக்க மருந்தியலாளர் கெர்ட்ரூட் எலியனுக்கு 1988இல் நோபல் பரிசு. காவி காயக் காத்திருந்து அந்த 72 மணி நேரத்தை விட்டால், கொப்புளம் ஆறியும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், சேலை உரசினாலே எரியும் நரம்புவலி தங்கிவிடலாம். நெற்றியில் எழுந்து மூக்கு நுனியிலும் கொப்புளம் வந்தால் கண்ணுக்குப் போகும் நரம்புக் கிளையும் மாட்டியிருக்கக்கூடும். மதுரையில் கண் ஆஸ்பத்திரிக்கா பஞ்சம், அன்றைக்கே போய்விடுங்கள்.

ஐம்பது வயதுக்கு மேல் போட்டுக்கொள்ள அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. விலையைக் கேட்டால் பென்ஷன்காரரும் யோசிப்பார். குழந்தைகளுக்கான சின்னம்மைத் தடுப்பூசியும் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை. இலவசமாகக் கொடு என்று கேட்பதற்கு முன்னால், நம் ஊரில் யாருக்கு எத்தனை வருகிறது என்ற கணக்கு கையில் இருக்க வேண்டும். அதற்குக் கோடிகளில் ஆய்வு மானியம் தேவையில்லை. உசிலம்பட்டியிலோ மேலூரிலோ ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு நோட்டுப் போட்டு, அக்கியோடு வருகிறவரின் வயது, சர்க்கரை உண்டா, எந்தப் பட்டை, எத்தனையாம் நாள் வந்தார், அதற்கு முன் வேளார் வீட்டுக்குப் போனாரா என்று குறித்துவர ஒரு நர்ஸுக்கு நேரமும் சம்பளமும் கொடுத்தால் ஆரம்பித்துவிடலாம்.