மஞ்சள் கொடி படர்ந்த தக்காளிக் காணியில் தேட வேண்டிய செடி

வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் தக்காளி போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஞ்சள் நூல் போலச் செடியைச் சுற்றிப் படரும் அம்மையார் கூந்தலைக் கண்டால் அறுத்துக் கானில் வீசாதீர்கள். சின்னத் துண்டு போதும், பக்கத்துச் செடியில் தொற்றி மறுபடி வளரும். பூக்கும் முன்பே, பிடித்த செடியோடு சேர்த்துப் பிடுங்கி எரித்துவிடுங்கள். விதை விழுந்தால் 10 வருடத்துக்கு மேலும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும்.

விவசாயப் போதனாசிரியராக நான் போகும் இடமெல்லாம் முதலில் வரும் கேள்வி, "சேர், இதுக்கு என்ன மருந்து அடிக்கிறது?" என்பதுதான். கொடி சாகும் அளவுக்கு அடித்தால் பெரும்பாலும் தக்காளியும் சேர்ந்து வாடும். இரண்டும் அந்தளவுக்கு ஒட்டிப்போய் இருக்கின்றன. கொடியை மெதுவாக விலக்கிப் பாருங்கள்: உட்பக்கத்தில் சீப்புப் பல் போல வரிசையாகச் சிறு முளைகள் இருக்கும். அவைதான் தண்டைத் துளைத்து, தண்ணீரும் சீனியும் ஓடும் குழாய்கள் வரை போகின்றன. கொடிக்கு இலை இல்லை, வேரும் பெயருக்குத்தான். முளைத்துச் சில நாட்களுக்குள் ஒரு செடி அகப்படாவிட்டால் செத்துவிடும். தக்காளியின் வாசனையை உணர்ந்து அதன் பக்கமாகவே வளைந்து வளர்கிறது என்று 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

ஆனால் எல்லாத் தக்காளியும் கொடிக்கு இடம் கொடுப்பதில்லை. ரிஃப்ளெக்ஸா என்ற தடித்த தண்டுள்ள கொடி வகை தொட்ட இடத்தில், நாம் பயிரிடும் தக்காளி தன் தோல் திசுவைத் தானே சாகவிட்டு, தக்கை போல் இறுகி, முளையை வெளியே நிறுத்திவிடுகிறது. காட்டு உறவான பெனெல்லி தக்காளிக்கு அது முடியாது. இரண்டையும் கலந்து உருவாக்கிய வரிசைகளைச் சோதித்து, ஜெர்மன் ஆய்வாளர்கள் 2016இல் கியூரே1 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கொடி வந்திருக்கிறது என்று செடிக்கு உணர்த்துவது அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெல்லிய தண்டுள்ள கம்பெஸ்ட்ரிஸ் என்ற கொடி வகை, அதே தக்காளியைச் சுலபமாகத் துளைத்துவிடும். ஒரு கொடிக்கு எதிர்ப்பு இருந்தால் எல்லாக் கொடிக்கும் இருக்கும் என்று நம்பக்கூடாது. ஆகவே விதைக்கடையில் யாராவது "இது கொடி பிடிக்காத இனம்" என்றால், எந்தக் கொடி என்று கேளுங்கள். கம்பெஸ்ட்ரிஸைத் தாங்கும் சில ஹெய்ன்ஸ் தக்காளி இனங்களைக் கலிபோர்னியாவில் ஆராய்ந்தபோது, கொடி தொட்டதும் தண்டுக்குள் லிக்னின் என்ற மரப்பொருள் படிந்து வழியை அடைப்பது தெரிந்தது. லிக்னின் படிவதைத் தடுத்து வைத்திருக்கும் ஒரு மரபணுவை கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் செயலிழக்கச் செய்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஆபிரிக்காவில் இறுங்குத் தானியப் பயிரை அழிக்கும் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களைக்கும் இதே வழியில்தான் விடிவு வந்தது. எதிர்ப்பு ஏற்கெனவே இருந்த இனங்களைத் தேடிக் கலந்ததற்காக எத்தியோப்பிய விஞ்ஞானி கெபிசா எஜெட்டாவுக்கு 2009இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்த எதிர்ப்புக்குக் காரணமான மரபணு 2017இல்தான் அடையாளம் காணப்பட்டது. செடி முதலில், மரபணு பிறகு.

அதனால்தான் கேட்கிறேன். கொடி படர்ந்த பாத்தியில் ஒரு செடி மட்டும் சுத்தமாக நின்றால் அதைப் பிடுங்காதீர்கள். கொடி எட்டாததால் தப்பியதா, எட்டியும் பிடிக்க முடியாமல் போனதா என்று தண்டைப் பாருங்கள். சுற்றிய தடத்தில் பழுப்பு நிறத்தில் சொரசொரப்பான வடு இருந்தால், படம் எடுத்து உங்கள் பகுதிப் போதனாசிரியருக்குக் காட்டுங்கள். பழம் பழுத்ததும் அந்த விதையைத் தனியாக எடுத்து, காணியும் திகதியும் எழுதி வையுங்கள். கலப்பின விதை என்றால் பிள்ளைச் செடிகள் தாயைப் போலவே வராது. அதனால் விதைப் பக்கெட்டையும் எறியாமல் வைத்திருங்கள்.