மனிதநேய உளவியலா, மானுடநோக்கு உளவியலா?

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் நடக்கும் உளவளத்துணை (கவுன்சிலிங்) டிப்ளோமா வகுப்புக்குத் தமிழ்க் குறிப்புகள் எழுதிக் கொடுக்கிறேன். 'ஹியூமனிஸ்டிக்' அணுகுமுறைப் பாடம் வந்தபோது, பலரும் எழுதுவதுபோல நானும் 'மனிதநேய உளவியல்' என்றே எழுதினேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் மாணவி ஒருவர் கையை உயர்த்தினார். "மிஸ், அப்ப இது வெள்ளம், சண்டை எண்டு இடம்பெயர்ந்த சனத்துக்குச் செய்யிற உதவியோ?"

அவர் கேட்டதில் பிழையே இல்லை. லொறிகளிலும் கூடாரங்களிலும் 'மனிதாபிமான உதவி' என்ற எழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மனிதநேயம் என்றாலும் மனிதாபிமானம் என்றாலும் எங்கள் காதில் விழுவது இரக்கமும் ஆபத்தில் கைகொடுத்தலும்தான். இந்த உளவியல் பேசுவது அதை அல்ல. தவறு என் சொல்லில் இருந்தது.

இலத்தீனில் 'ஹோமோ' என்றால் மனிதன், 'ஹியூமஸ்' என்றால் மண். இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை. மனிதனுக்குரியது என்ற பொருளில் 'ஹியூமானுஸ்' பிறந்தது. 1808இல் ஜெர்மன் கல்வியாளர் நீத்தாம்மர், பழைய கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களை நடுவாக வைத்த கல்விக்கு 'ஹியூமனிஸ்முஸ்' என்று பெயரிட்டார். உளவியல் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது வெகு பிந்தி, 1950களிலும் 60களிலும், அமெரிக்காவில். அப்போது அங்கே இரண்டு போக்குகள் ஓங்கியிருந்தன. பிராய்டின் வழியினர் மனிதனை நனவிலியில் புதைந்த உந்தல்களால் விளக்கினார்கள். நடத்தைவாதிகள் எலியையும் புறாவையும் வைத்துக் கற்றதை மனிதனுக்கும் பொருத்தினார்கள். ஆபிரகாம் மாஸ்லோ, கார்ல் ரொஜர்ஸ் போன்றோர் இரண்டையும் விட்டு விலகி நின்றதால் அவர்களுடைய வழி 'மூன்றாவது விசை' எனப்பட்டது. தெரிவு செய்வது, பொருள் தேடுவது, வளர விரும்புவது ஆகிய எல்லாவற்றோடும் மனிதனை முழுதாகப் பார்க்கவேண்டும் என்பதே அவர்கள் நிலைப்பாடு. 'மக்கள் தாமே ஆறறி உயிரே' என்ற தொல்காப்பிய அடியைப் படித்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

ஆகவே பார்வைதான் இங்கே முக்கியம். 'மானிட உளவியல்' என்றால் மானிடவியலோடு குழம்பும். 'மனிதவாதம்' வாதம் செய்வதுபோல் ஒலிக்கிறது. 'மானுடநோக்கு உளவியல்' என்று வைத்தேன். மானுடம் வடமொழி வழி வந்த சொல்தான். மாந்தர், மக்கள் என்பவை நம்முடையவை. ஆனாலும் மானுடம் என்னும்போது வரும் விரிவு 'மாந்தநோக்கு' என்பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த அணுகுமுறையின் உயிர், உதவி தேடி வருபவரை என்ன பெயரால் அழைக்கிறோம் என்பதில் இருக்கிறது. ரொஜர்ஸ் 'நோயாளி' என்ற சொல்லைக் கைவிட்டு 'கிளையண்ட்' என்றார். அவருடைய 1951ஆம் ஆண்டு நூலின் தலைப்பிலேயே அந்தச் சொல் உண்டு. தமிழ்நாட்டில் வழங்கும் 'வாடிக்கையாளர்' கடைவாசலை நினைவூட்டும். இலங்கையில் உளவளத்துணைப் பயிற்சிகளில் வழங்கும் சொல் 'துணைநாடி'. துணையை நாடி வருபவர். நாடுவது அவர், முடிவெடுப்பவரும் அவர், நாம் துணை மட்டுமே. ரொஜர்ஸ் சொல்ல வந்தது முழுவதும் அந்த நான்கு எழுத்தில் அடங்கிவிட்டதாக நினைக்கிறேன். இதை ஆக்கியவரை வணங்கத் தோன்றுகிறது.

துணையாளரிடம் ரொஜர்ஸ் வற்புறுத்திய பண்புகள் மூன்று. ஒத்துணர்வு என்பது அனுதாபம் அல்ல, துணைநாடி நின்ற இடத்திலிருந்து பார்ப்பது. நிபந்தனையற்ற ஏற்பு இரண்டாவது. மூன்றாவதான 'கொங்ருவன்ஸ்' என்பதற்கு 'இசைவு' என்று எழுதியபோது வகுப்பில் யாருக்கும் பிடிபடவில்லை. "உள்ளொன்று வைத்துப் புறம்பொன்று பேசுவார் உறவு கலவாமை வேண்டும்" என்று வள்ளலாரைத் துணைக்கு அழைத்ததும் தலைகள் அசைந்தன.

உறவே மருந்து என்று காட்டியது இதன் பெரிய பலம். இன்று வேறு முறைகளைக் கையாளும் துணையாளர்களும் கேட்கும் பண்பை இங்கிருந்துதான் கற்கிறார்கள். இதை வெறும் நல்லெண்ணம் என்று தள்ளுவோருக்கு ஒன்று சொல்லவேண்டும்: உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து ஆராய்ச்சிக்கு வைத்த முன்னோடிகளில் ரொஜர்ஸும் ஒருவர்.

மாஸ்லோவிடம் அந்தக் கறார் குறைவு. தமக்குள் இருக்கும் ஆற்றல் முழுதும் மலர்ந்த நிலையை, அதாவது 'தன்னியல் நிறைவு' பெற்றவர்கள் என்று லிங்கன், ஐன்ஸ்டைன் போன்றோரை அவர் தம் கணிப்பிலேயே தெரிந்தெடுத்தார். அந்த நிறைவை எந்த அளவுகோலால் அளப்பது? மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கி அவர் பெயரில் பாடநூல்களில் வரும் முக்கோணம்கூட, அந்தத் தேவைகளைப் பற்றி அவர் எழுதிய 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் இல்லை. இன்னொரு எல்லை உயிரோடு சம்பந்தப்பட்டது. இல்லாத குரல் காதில் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால் ஒத்துணர்வோடு கேட்டுக்கொண்டிருப்பது போதாது. அவருக்கு மனநல வைத்தியரும் மருந்தும் வேண்டும். மனநல மருத்துவமனை இருக்கும் அங்கொடை என்ற பெயருக்கு அஞ்சி அதைத் தள்ளிப்போடக் கூடாது.

எனக்கு இன்னும் தீராதது 'தன்' என்ற சொல். பாடநூலில் துணைநாடி ஒருவர். பயிற்சிக்குப் போகும் எங்கள் மாணவர்களின் அறைக்கு மகளோடு அம்மாவும் சில நேரம் பெரியம்மாவும் வந்து அமர்கிறார்கள். "நீங்கள் என்ன விரும்புறீங்கள்?" என்று மகளைக் கேட்டால், "வீட்டில என்ன சொல்லுறாங்களோ அதுதான், மிஸ். நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ" என்கிறாள். அவளுடைய 'நான்' நாலு பேரோடு சேர்ந்தது. 'தன்னியல் நிறைவு' என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில் இப்போது பென்சிலால் 'வீடு' என்று குறித்து வைத்திருக்கிறேன்.