எலக்ட்ரான் நடக்க வேண்டிய தூரம்

“கார்பன் டை ஆக்சைடை ஒளியால் எரிபொருளாக்க, சில அணுக்களே தடிமன் உள்ள தாள்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று படித்தேன். தடித்த பொருள்தானே அதிக ஒளியை உறிஞ்சும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

இதன் அடிப்படை, நாம் பள்ளியில் படித்ததுதான். இந்தத் தாள்கள் குறைக்கடத்திகள். குறைக்கடத்தியில் ஒளி பட்டால் ஓர் எலக்ட்ரான் மேல்நிலைக்குத் தாவும். அது விட்டுப்போன இடம் நேர்மின் துளை. எலக்ட்ரான் கார்பன் டை ஆக்சைடிடம் போய்ச் சேர வேண்டும், துளை தண்ணீரிடம். 1979-இல் ஜப்பானில் இனோவே, ஃபுஜிஷிமா, கொனிஷி, ஹோண்டா ஆகியோர் டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற தூள்களை நீரில் கலந்து ஒளி பாய்ச்சினார்கள். ஃபார்மிக் அமிலம், மெத்தனால், மீத்தேன் எல்லாம் கிடைத்தன. இந்த வகைத் தூள்களில் விளைச்சல்தான் மிகக் குறைவு.

காரணம், எலக்ட்ரான் பிறப்பது பொருளின் உள்ளே, வினை நடப்பதோ மேற்பரப்பில். இடைப்பட்ட தூரத்தை அது நேராகக் கடப்பதில்லை. இருட்டில் வாசலைத் தேடுபவரைப் போல இப்படி ஓரடி, அப்படி ஓரடி என்று தட்டுத்தடுமாறித்தான் போகும். வழியில் ஒரு துளை எதிர்ப்பட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். பிடித்த ஒளி பெரும்பாலும் வெப்பமாகி வீணாகும். பெரும்பாலான எலக்ட்ரான்களுக்கு இதே கதிதான்.

இந்தத் தடுமாற்ற நடைக்கு ஓர் அழகான கணக்கு உண்டு. இரண்டு மடங்கு தூரம் போக நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். பத்து மடங்கு தூரத்துக்கு நூறு மடங்கு. இதையே திருப்பிப் பாருங்கள். 100 நானோமீட்டர் தடிமனை 1 நானோமீட்டராக்கினால், மேற்பரப்பை எட்டும் நேரம் 10,000-இல் ஒரு பங்காகிவிடுகிறது! இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு மீத்தேன் மூலக்கூறுக்கு எட்டு எலக்ட்ரான்கள் வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த வேகத்தின் அருமை புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. மெல்லிய ஆக்சைடு தாளில் அங்கங்கே ஆக்சிஜன் அணு விட்டுப்போன காலியிடங்களை எளிதாக உண்டாக்கலாம். நேர்கோடாக, விறைப்பாக இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அங்கே ஒட்டிக்கொண்டு வளையும். வளைந்த மூலக்கூறு எலக்ட்ரானை எளிதில் ஏற்கும்.

சரி, ஒளிக்கு வருவோம். ஒற்றைத் தாள் கொஞ்சம்தான் உறிஞ்சும். ஓரணுத் தடிமனுள்ள கார்பன் தாளான கிராஃபீன்கூட 2.3 சதவீதத்தைத்தான் பிடிக்கிறது. ஆனால் நீரில் கோடிக்கணக்கான தாள்கள் மிதக்கின்றன. ஒன்றைத் தாண்டிய ஒளி அடுத்ததில் படும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகிவிட்டால் மட்டும் பழைய தொல்லை திரும்பிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தாள்களைத் தயாரிக்கும்போது ஒட்டிக்கொள்ளும் கரிமக் கரைப்பான்களும் ஒளியில் சிதைந்து மீத்தேன் தரலாம். அதனால் சாதாரண கார்பனைவிடச் சற்றே கனமான கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திச் சோதிக்க வேண்டும். செலவு பிடிக்கும் சோதனைதான். சாதனை எண்களுக்கு முன்னால் இதற்கே நிதி ஒதுக்க வேண்டும் என்பேன். வெளிவரும் மீத்தேனின் மூலக்கூறு எடை 16 ஆக இல்லாமல் 17 ஆக இருந்தால்தான், அதன் கார்பன் நாம் செலுத்திய வாயுவிலிருந்து வந்தது.