கேசிங் ஃபேன் கத்தினால் வயரைக் கழற்றாதீர்கள்

மட்டக்களப்பில் கம்பியூட்டர் திருத்தும் வேலை பார்க்கிறேன். "அண்ணன், இந்த ஃபேன் சத்தத்த எப்பிடியாவது நிப்பாட்டித் தாங்க" என்று டெஸ்க்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பலர், அதற்கு முன்னமே வீட்டில் ஏதாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பின்பக்க ஃபேனின் வயரைக் கழற்றி விட்டிருப்பார்கள், இல்லையென்றால் கேசிங்கை, அதாவது கம்பியூட்டரின் வெளிப்பெட்டியை, மேசைத் தட்டுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பார்கள், சிலர் முன்பக்கத்தில் நுளம்பு வலையை இரண்டாக மடித்து ஒட்டியிருப்பார்கள். ஒரு நாள் இரண்டு நாள் சத்தம் குறைந்த மாதிரி இருக்கும். அப்புறம் சூடு வெளியே போக வழியில்லாமல் புரொசசர் ஃபேனும் கிராபிக்ஸ் கார்டின் ஃபேனும் முன்னரைவிட வேகமாகச் சுற்றத் தொடங்கும். புரொசசர் 95, 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துவிடும். வீட்டில் அதை வைரஸ் என்று நினைத்து விண்டோசை அழித்துப் புதிதாகப் போடுவார்கள், போட்டாலும் பழைய கதைதான்.

நம்முடைய ஊரின் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பின்னேரம் மூடிய அறைக்குள் 33, 34 டிகிரி சர்வசாதாரணம். கேசிங் ஃபேனால் உள்ளே இருக்கும் பாகங்களை அறையின் வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது, அது ஏசி இல்லை. 20 டிகிரி அறையில் இருந்துகொண்டு "ஃபேனை 30 வீதத்தில் வையுங்கள், சத்தமே வராது" என்று யூடியூபில் ஒருவர் சொல்வது அவருக்குச் சரி, ஆனால் அதே அமைப்பை இங்கே போட்டால் உள்ளே ஒவ்வொரு பாகமும் ஏறத்தாழ அந்தப் பதின்மூன்று பதினான்கு டிகிரி கூடுதலாகவே இருக்கும்.

கடலோர வீடுகளில், கல்லடி நாவலடிப் பக்கம், இன்னொரு தொல்லை இருக்கிறது. உப்பு ஈரத்தோடு சேர்ந்த தூசி ஊதினால் போகாது, ஒட்டிக்கொள்ளும். அப்படியொரு ஃபேனைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒவ்வொரு இறக்கையின் முன்விளிம்பிலும் கறுப்பாக ஒரு கோடு தடித்துப் போயிருக்கும், அதுவும் எல்லா இறக்கையிலும் ஒரே அளவாக இருக்காது. அந்தச் சமமின்மைதான் ஃபேனை ஆட வைக்கிறது, அந்த ஆட்டம் மெல்லிய தகட்டுக் கேசிங்கில் ஏறி அறை முழுக்க இரைகிறது. ஃபேனா தகடா என்று தெரிய வேண்டுமென்றால் பக்கத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வையுங்கள். சத்தம் மாறினால் தகடு அதிர்கிறது. திருகாணிகளை இறுக்கி, ஃபேனுக்கு இரும்புத் திருகாணிக்குப் பதிலாக ரப்பர் பிடிகள் போட்டு, கேசிங்கின் நான்கு மூலையிலும் ரப்பர் செருப்பின் துண்டு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை மட்டும் அந்தத் துண்டால் மறைத்துவிடாதீர்கள்.

மருதமுனையில் தறி ஓடும் ஒரு வீட்டிலிருந்து வந்த கம்பியூட்டரை மறக்க முடியாது. "தம்பி, இதப் போட்டா பிள்ளைக்கு ஸூம் வகுப்பு ஒண்டும் கேக்குதில்ல" என்றார் அதைக் கொண்டுவந்த தாய். முன்பக்க வடிகட்டியை இழுத்தேன், நூல் தும்பு கனமான படையாக அப்படியே உரிந்து வந்தது, அவர்கள் நெய்த சாரனின் நிறத்திலேயே. ஃபேனில் ஒரு குறையும் இல்லை. காற்று இழுக்க வழியில்லாமல்தான் அத்தனை சத்தமும். சம்மாந்துறைப் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயல்தூசியால் இதே நிலைமை வரும். அந்த மாதிரி இடங்களில் வடிகட்டியை மாதமொருமுறை கழுவி, நன்றாகக் காயவிட்டுப் போட வேண்டும்.

துப்புரவு செய்யும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு மென்மையான பிரஷால் துடையுங்கள். டயர் கடை கம்பிரசரில் பிடித்து ஊதுவது வேண்டாம், அந்தக் காற்றில் தண்ணீர் வரும், அதோடு கட்டுக்கடங்காமல் சுற்றும் ஃபேன் பேரிங்கைக் கெடுத்துக்கொண்டு தானே மின்சாரம் உண்டாக்கி மதர்போர்டுக்கும் அனுப்பக்கூடும்.

சத்தத்தின் வகையைக் காது கொடுத்துக் கேட்டாலே காரணம் பாதி தெரியும். டிக் டிக் என்றால் வயர் இறக்கையில் படுகிறது. கர்ர் என்று அரைத்து, கேசிங்கைச் சரித்தால் சத்தம் மாறினால் பேரிங் தேய்ந்துவிட்டது, எண்ணெய் விட்டால் சில நாள் தாங்கும், மாற்றுவதுதான் சரி. ஊ என்ற விசில் காற்று நெருக்கமான வழியால் போவதன் அடையாளம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு உள்ளே வண்ண விளக்கு எரிகிற கேசிங்குகளில் இதை அடிக்கடி பார்க்கிறேன். முன்மூடியைக் கழற்றி வைத்து, அதே வேலையைப் பத்து நிமிடம் ஓடவிட்டு வெப்பத்தைப் பாருங்கள். ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி அந்த மூடிதான். புதிதாக வாங்குகிறவர்கள் விளக்கைப் பார்க்காமல் முன்பக்கம் வலையாக இருக்கிறதா என்று பாருங்கள், தயவுசெய்து.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறத்தாழப் பாதியாகும், ஆனால் சத்தம் அதைவிடப் பெரிதாக, கிட்டத்தட்ட 15 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) இறங்கும். அதே வகை ஃபேன் இன்னொன்றைப் பக்கத்தில் சேர்த்தால் கூடுவது வெறும் 3 டெசிபல்தான். ஆகவே ஒரு ஃபேனை முழு வேகத்தில் விரட்டுவதைவிட இரண்டு ஃபேனை அரை வேகத்தில் விட்டால் ஏறத்தாழ அதே காற்று கிடைக்கும், சத்தம் காதுக்குப் பாதிக்கும் குறைவாகக் கேட்கும். 80 மில்லிமீட்டர் ஃபேனுக்குப் பதில் 120 அல்லது 140 போட இடமிருந்தால் போடச் சொல்வதும் இதற்காகத்தான், பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே அதே காற்றைத் தள்ளிவிடும். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே, இந்தத் திசை மட்டும் மாறக்கூடாது. மோட்டரைத் தாங்கும் கால்கள் தெரிகிற பக்கத்தால்தான் காற்று வெளியேறும்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறதா? பயோஸைப் பாருங்கள், விண்டோஸ் தொடங்குவதற்கு முன்னமே திறக்கக்கூடிய மதர்போர்டின் அமைப்புப் பக்கம் அது. வயர் முனையில் மூன்று பின் (pin) உள்ள ஃபேனை வைத்துக்கொண்டு அமைப்பு பிடபிள்யூஎம் (நான்காவது வயரில் வரும் துடிப்பால் வேகத்தை மாற்றும் முறை) என்றிருந்தால் வேகம் குறையவே குறையாது, டிசி (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) என்று மாற்ற வேண்டும். நான்கு பின் என்றால் பிடபிள்யூஎம் சரி. குரோம் திறந்தவுடன் ஊங் என்று ஏறி உடனே இறங்குகிற ஃபேன்தான் மனிதரை அதிகம் எரிச்சலூட்டும். புரொசசரின் வெப்பம் ஒரு நொடியில் பதினைந்து இருபது டிகிரி துள்ளக்கூடியது, அதன் பின்னால் கேசிங் ஃபேனும் ஓட வேண்டிய தேவை இல்லை. பயோஸில் சில நொடித் தாமதம் வைக்க இடமிருக்கும், வையுங்கள். நம்முடைய வெக்கைக்கு நான் வழக்கமாக 60 டிகிரி வரை 40, 45 வீதத்தில் ஒரே சீராக ஓடவிட்டு, 75 வரை மெதுவாக ஏற்றி, 85இல் முழு வேகம் கொடுக்கிறேன். ஒரே சீராக ஓடும் ஃபேனைக் கொஞ்ச நேரத்தில் காது கண்டுகொள்ளாது.

சத்தம் பவர் சப்ளைக்குள்ளிருந்து வந்தால் மட்டும் வெளித்துளைகளைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் இருக்கும் கபாசிட்டர்களில் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகங்களில்) ஆளை அடிக்கிற மின்சாரம் தங்கியிருக்கும். பிள்ளைகள் யூடியூபைப் பார்த்து அந்தப் பெட்டியைத் திறக்க விடாதீர்கள், தெரிந்த ஒருவரிடம் கொடுத்து மாற்றுங்கள்.