'நம் பள்ளிகள்' என்றால் எந்த ஊர்ப் பள்ளிகள்?

சென்ற மாதம் சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் உள்ள ஒரு சமூக மன்றத்தில் மூத்தோருக்கான செய்தி வாசிப்பு வகுப்பை முடித்துக்கொண்டு புறப்பட்டபோது, எழுபது வயதைக் கடந்த ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டு நிமிடக் காணொளி ஒன்று இருந்தது. பேசியவர் அமெரிக்கர், கேட்டதோ கணினி உருவாக்கிய தமிழ்க் குரல். "நம் பள்ளிகளில் நம் பிள்ளைகளின் மனத்தில் நஞ்சைக் கலக்கிறார்கள்" என்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது. பெரியவரின் மகள் இங்குத் தொடக்கக் கல்லூரி ஆசிரியை. காணொளியைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட இவர், "நீயும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறார். "பிற்போக்காகப் பேசாதீர்கள், அப்பா" என்று மகள் எழுதியிருக்கிறார். அதற்குப்பின் மூன்று வாரங்களாக இருவருக்கும் பேச்சில்லை. சனிக்கிழமைதோறும் தாத்தா வீட்டுக்கு வரும் பேரன் வருவதும் நின்றுவிட்டது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டு இருபது ஆண்டுகளுக்குமேல் ஆகின்றன. இந்த ஆண்டு என்னிடம் வந்த இத்தகைய குடும்பச் சிக்கல்களில் இது நான்காவது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் காணொளியின் மூலப் பேச்சைத் தேடிக் கேட்டேன். பேசியவர் ஃபுளோரிடா மாநிலப் பள்ளிகளைப் பற்றித்தான் சொன்னார். ஆங்கிலத்தில் அவர் பயன்படுத்திய சொல்லுக்கு 'எங்கள்' என்றும் பொருள், 'நம்' என்றும் பொருள். ஆங்கிலம் அதைப் பிரித்துக் காட்டாது. தமிழ் பிரித்தே தீரும். 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே நிற்கிறார். 'நம்' என்றால் உள்ளே வந்துவிடுகிறார். கணினி 'நம்' என்பதைத் தேர்ந்தது. அந்த ஒரு சொல்லால், ஃபுளோரிடாவின் பள்ளிச் சண்டை ஈசூன் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறைக்குள் வந்து அமர்ந்துகொண்டது. ஒரு தகவல்கூடப் பொய்யாக்கப்படவில்லை. இடம் மட்டும் மாறிவிட்டது.

தமிழில் அதைத் தேர்ந்தது கணினிதான் என்றாலும், கேட்பவரை உள்ளே இழுக்கும் இந்த 'நம்' மூலப் பேச்சிலேயே தற்செயலானதன்று என்பதை வாசகர்கள் தயவுசெய்து மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் மரபுவாத அரசியல் அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கவனத்துடன் செதுக்கிய கருவி அது. 1969 நவம்பர் 3ஆம் தேதி, வியட்நாம் போரை எதிர்த்துத் தெருக்களில் ஊர்வலங்கள் நடந்துகொண்டிருந்த வேளையில், அதிபர் ரிச்சர்ட் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி 'மௌனப் பெரும்பான்மை'யின் ஆதரவை வேண்டினார். ஊர்வலம் போகாத ஒவ்வொருவரும், தாம் ஒரு வார்த்தையும் பேசாமலேயே, அந்த நொடியில் அவருடைய அணியில் சேர்க்கப்பட்டனர். 1990இல், மரபுவாதிகளின் கட்சியான குடியரசுக் கட்சியின் பிரமுகர் நியூட் கிங்ரிச் தலைமையில் இயங்கிய கோபேக் என்ற அரசியல் பயிற்சி அமைப்பு, அக்கட்சியின் வேட்பாளர்களுக்கு ஒரு சொற்பட்டியலை அனுப்பியது. தம்மைப் பற்றிப் பேசப் பயன்படுத்த வேண்டிய சொற்கள் ஒரு பக்கம். எதிராளியைப் பற்றிப் பேசப் பயன்படுத்த வேண்டியவை மறுபக்கம். முதல் பட்டியலில் குடும்பம், பிள்ளைகள், சுதந்திரம், உண்மை ஆகியவற்றோடு 'நாம்', 'நம்' என்பவையும் இருந்தன. இரண்டாவதில் அழுகல், நோய், ஊழல், துரோகிகள் ஆகியவற்றோடு 'அவர்கள்' என்பதும் இருந்தது. 'நாம்', 'அவர்கள்' போன்ற பிரதிப்பெயர்ச் சொற்களைக்கூட விட்டுவைக்கவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1994 தேர்தலில், நாற்பது ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாகக் குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையைக் கைப்பற்றியது. சொற்கள் மட்டுமே வென்று தந்தன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்று முதல் எந்தக் கட்சி உத்தியாளரும் சொற்களை அலட்சியமாக விடுவதில்லை.

'நம்' ஒரு கை என்றால் முத்திரை மறு கை. எதிராளி தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரை எடுத்து, அதற்குள் வேறு பலவற்றைத் திணித்து, கெட்ட சொல்லாகத் திருப்பிக் கொடுப்பது அந்த முறை. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் டெரிக் பெல் போன்றோர் 1970களிலிருந்து வளர்த்த, இனப் பாகுபாடு சட்டங்களிலும் அமைப்புகளிலும் எப்படி ஊறியிருக்கிறது என்று ஆராயும் ஓர் ஆய்வுமுறைக்கு விமர்சன இனக் கோட்பாடு என்று பெயர். 2021 மார்ச் மாதம் கிறிஸ்டஃபர் ரூஃபோ என்ற மரபுவாதச் செயற்பாட்டாளர், அந்தப் பெயரை நச்சுச் சொல்லாக்கி, பண்பாட்டுத் துறையில் மக்களுக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் அதன்கீழ் கொண்டுவருவதே தங்கள் நோக்கம் என்று டுவிட்டரில் வெளிப்படையாகவே எழுதினார். இதில் சதியோ இரகசியமோ இல்லை. உத்தியை வகுத்தவரே தம் கையால் எழுதிவைத்தது. கறுப்பின அமெரிக்கர்கள் 'விழிப்பாயிரு' என்ற பொருளில் வழங்கிய 'வோக்' என்ற சொல்லுக்கும் அதே கதிதான் நேர்ந்தது. 2022இல் ஃபுளோரிடாவில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தை அதன் ஆதரவாளர்கள் 'வோக்கை நிறுத்து' சட்டம் என்றே அழைத்து, அதை வசைச் சொல்லாக்கினார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் எழுந்து, இத்தகைய காணொளியில் பேசுபவரைச் சுட்டி, "அவர் அரசியல் பேசவில்லையே, மனத்தில் பட்டதைத்தானே பேசுகிறார்" என்பார். என் பொறுமையைச் சோதிப்பது இந்த ஒரு வாக்கியந்தான். ஐயா, அம்மா, எளிமையாகப் பேசுவது என்பதே பயிற்சியால் வருவது. ஒரு சொல்லைப் பொதுமக்கள் சிலரை ஓர் அறையில் அமரவைத்துச் சொல்லிப் பார்த்து, எந்தச் சொல்லுக்கு முகம் சுளிக்கிறார்கள், எந்தச் சொல்லுக்குத் தலையாட்டுகிறார்கள் என்று குறித்துக்கொண்டு, தலையாட்டிய சொல்லையே மேடைக்கு அனுப்புவார்கள். மேடையில் அது யோசிக்காமல் வந்த சொல்லைப் போலவே ஒலிக்கும். ஒலிக்க வேண்டும் என்பதற்குத்தான் அத்தனை உழைப்பு. எளிய சொல் என்பதால் அது உண்மையாகிவிடாது. தீட்டப்பட்ட சொல் என்பதால் பொய்யாகிவிடவும் செய்யாது. பேச்சாளரின் நேர்மையைக் குரலை வைத்து அளக்காதீர்கள் என்பதுதான் நான் கேட்டுக்கொள்வது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். இறந்தவரின் சொத்துமீது அமெரிக்காவில் விதிக்கப்படும் வரியைச் 'சாவு வரி' என்று அழைக்கும்படி குடியரசுக் கட்சியினருக்குப் பரிந்துரைத்தவர் ஃபிராங்க் லன்ஸ் என்ற கருத்துக்கணிப்பாளர். சொத்து எல்லோருக்கும் இருப்பதில்லை, சாவு எல்லோருக்கும் உண்டு என்பதே அந்தச் சொல்லின் வலிமை. 2025இல் ஒருவர் 13.99 மில்லியன் அமெரிக்க டாலருக்குமேல் விட்டுச் சென்றிருந்தால்தான் அந்த மத்திய வரியே தொடங்கியது. ஆனால் என் வகுப்புக்கு வந்த ஓர் அம்மையார், தம் மூவறை வீட்டைச் சாவு வரியிலிருந்து காப்பாற்ற மகன் பெயருக்கு இப்போதே மாற்றிவிடலாமா என்று கேட்டார். சிங்கப்பூரில் அத்தகைய வரி 2008 பிப்ரவரி 15ஆம் தேதியுடன் ஒழிந்துவிட்டது. இல்லாத வரிக்காக ஒருவர் தூக்கத்தைத் தொலைத்திருந்தார்.

நான் மரபுவாதிகளின் எதிரணிக்கு வக்காலத்து வாங்குவதாக எண்ண வேண்டாம். அவர்களும் இதே பட்டறையில் சொல் வடிப்பவர்கள்தாம். கருக்கலைப்பு விவாதத்தில் ஒரு சாரார் தம்மை 'உயிரின் பக்கம்' என்றும், மறுசாரார் 'உரிமையின் பக்கம்' என்றும் அழைத்துக்கொள்வதைப் பாருங்கள். இரண்டுமே எதிராளியை வாயடைக்க வைக்கும் பெயர்கள். தமிழில் நாம் வழங்கும் 'பழமைவாதி' என்ற சொல்லும் நடுநிலையானதன்று. அதில் ஏளனத்தின் வாடை உண்டு. என் தொழிலில் அதைத் தவிர்த்து 'மரபுவாதி' என்றே எழுதுகிறேன். குடும்பம், சமயம், கட்டுப்பாடு ஆகியவற்றைப் போற்றுவோர் இங்கும் இருக்கிறார்கள். நானும் பலவற்றில் அவர்களுள் ஒருத்திதான். 2022 நவம்பர் இறுதியில் சிங்கப்பூர் நாடாளுமன்றம், ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கி, திருமணத்தின் விளக்கத்தைப் பாதுகாக்க அரசமைப்புச் சட்டத்தையும் திருத்தியபோது, இருதரப்பாரும் முன்வைத்த வாதங்கள் நம் சட்டத்தையும் நம் சமூகத்தையும் சார்ந்தவை. அந்த 'நம்' உண்மையிலேயே நம்முடையது.

"பொய்யாக இருந்தால் அரசாங்கம் தடுத்திருக்குமே" என்போருக்கும் ஒரு வார்த்தை. 2019 அக்டோபரில் சிங்கப்பூரில் நடப்புக்கு வந்த, இணையப் பொய்களுக்கு எதிரான பொஃப்மா சட்டம் பொய்யான தகவலைக் குறிவைப்பது. கருத்தும் விமர்சனமும் அதற்குள் வாரா; முத்திரை குத்துவதும் பெரும்பாலும் கருத்தே. அந்த வேலையை நீங்கள்தான் செய்தாக வேண்டும்.

காணொளி வந்தால், பகிரும் முன் எந்த நாடு, எந்த ஆண்டு என்று பாருங்கள். தெரியவில்லையா, பகிராதீர்கள். 'நம்' என்று கேட்கும் இடத்திலெல்லாம் 'அமெரிக்கர்களின்' என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். கோபம் பாதியாகக் குறைந்தால், அந்தக் கோபம் உங்களுடையதாக இருந்திருக்காது. முத்திரைச் சொல்லை எடுத்துவிட்டு, யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முயலுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் காணொளியில் செய்தியே இல்லை. குடும்பக் குழுவில் மட்டும் விவாதிக்காதீர்கள். பத்துப் பேர் பார்க்க ஒருவரும் இறங்கி வரமாட்டார்.

பிள்ளைகளே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பாவைப் 'பிற்போக்கு' என்று சொல்லும்போது நீங்களும் ஒரு முத்திரையைத்தான் குத்துகிறீர்கள். அவர் கேட்டது பேரனைப் பற்றிய கவலையில் கேட்ட கேள்வி. அந்தப் பெரியவரிடம் மூலப் பேச்சையும் தமிழ்க் குரலையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, 'நம்' வரும் இடங்களை எண்ணச் சொன்னேன். விரல்விட்டு எண்ணினார், இரண்டு நிமிடத்தில் பதினொன்று. கைப்பேசியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டு, "மகளுக்கு என்னவென்று எழுதுவது?" என்று கேட்டார். எழுத வேண்டாம், நேரில் போங்கள் என்றேன்.

இந்தத் தமிழ்க் குரல்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் பகுதிநேர வேலை என் பழைய மாணவர்கள் சிலருக்குக் கிடைக்கிறது. அவர்களுக்கு: கோப்பில் 'நம்' என்ற சொல் வரும் ஒவ்வொரு முறையும் நிறுத்துங்கள். பேசுபவர் யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பாருங்கள். அவர் ஃபுளோரிடா வாக்காளரைப் பார்த்துப் பேசினால், கேட்கப்போகிறவர் ஈசூனில் இருக்கிறார் என்பதை மறக்காமல், 'ஃபுளோரிடாவில் உள்ள பள்ளிகள்' என்று எழுதுங்கள். வாக்கியம் நீண்டுவிட்டது என்று வாடிக்கையாளர் குறைசொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.