ப்ரோ சே: தன்வழக்குரை

‘ப்ரோ சே’ இலத்தீன் தொடர். ‘ப்ரோ’ என்றால் ‘பொருட்டு’, ‘சே’ என்றால் ‘தான்’. சேர்த்துச் சொன்னால் ‘தன்பொருட்டு’. வழக்கறிஞரை அமர்த்தாமல் தன் வழக்கைத் தானே நடத்துபவரை அமெரிக்க நீதிமன்றங்கள் இப்படிக் குறிக்கின்றன. கலிபோர்னியாவில் இதையே ‘ப்ரோ பெர்’ என்பார்கள். இங்கிலாந்தில் ‘லிட்டிகன்ட் இன் பெர்சன்’, இந்தியாவில் ‘பார்ட்டி இன் பெர்சன்’.

அமெரிக்காவில் இந்த உரிமை 1789-ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்திலேயே இருக்கிறது. குற்ற வழக்குகளில் அதை அரசியலமைப்பு உரிமையாக நிலைநிறுத்தியது 1975-இல் வந்த ஃபரெட்டா தீர்ப்பு. அரசு தரும் வழக்கறிஞருக்கு வேலைப்பளு அதிகம் என்று சொல்லி, திருட்டு வழக்கொன்றைத் தானே நடத்தக் கேட்டவர் ஃபரெட்டா. விருப்பமில்லாத ஒருவர் மீது வழக்கறிஞரைத் திணிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை முடிவு செய்தது.

தமிழில் இதை எழுதும்போது பலரும் ‘தற்காப்பு வாதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ப்ரோ சே டிஃபென்ஸ்’ என்பதில் ‘டிஃபென்ஸ்’ என்றாலே ‘காப்பு’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. இது சிறிய பிழை அல்ல. தற்காப்பு என்பது உயிரைக் காத்துக்கொள்ளத் தாக்கினேன் என்று சொல்லும் எதிர்வாதம். நீதிமன்றத்தில் யார் எழுந்து பேசுகிறார் என்பதோ வேறு செய்தி. இந்த இரண்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்பதற்கு ஒரு படைத்துறை வழக்கையே சாட்சியாக வைக்கலாம்.

2009 நவம்பர் 5 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஹூட் படைத்தளத்தில் மேஜர் நிடால் ஹசன் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள், 30-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அவர் அமெரிக்கத் தரைப்படையின் மனநல மருத்துவர். 2013-இல் வழக்கு விசாரணைக்கு வந்தபோது, தன் வழக்கைத் தானே நடத்தக் கேட்டார். படை நீதிமன்ற நடைமுறை விதி 506 அதற்கு இடம் தருகிறது. ஆனால் வழக்கறிஞர் இல்லாததால் வரும் பாதகங்களைப் புரிந்துகொள்ளும் திறன் அவருக்கு இருக்கிறது, தன் விருப்பப்படியே, அறிந்துதான் வழக்கறிஞரைக் கைவிடுகிறார் என்று நீதிபதிக்குத் தெளிவாக வேண்டும். நீதிபதி கர்னல் தாரா ஆஸ்போர்ன் ஒப்புக்கொண்டார். அதே நேரம், ஆப்கானிஸ்தானில் இருந்த தாலிபான் தலைவர்களைக் காக்கவே சுட்டேன் என்ற ஹசனின் எதிர்வாதத்தை அவர் ஏற்கவில்லை. ஒரே ஆளின் ஒரே வழக்கில், தானே பேசும் உரிமை கிடைத்தது, ‘காப்பு’ என்ற வாதம் மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருந்தால் இந்தச் செய்தியைத் தமிழில் எழுதவே முடியாது.

விசாரணை அறையில் நடந்தது இன்னும் கனமானது. சக்கர நாற்காலியில் இருந்தபடி, சுட்டது தான்தான் என்பதைச் சாட்சியங்கள் தெளிவாகக் காட்டும் என்று தொடக்க உரையிலேயே ஹசன் சொன்னார். அவர் சுட்டதில் காயமடைந்தவர்கள் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை அவரிடமே இருந்தது. பெரும்பாலும் அவர் கேள்வி கேட்கவில்லை. தன் தரப்பில் ஒரு சாட்சியையும் அழைக்கவில்லை, நிறைவுரையும் ஆற்றவில்லை. பேச்சு முழுக்க அவர் கையில் இருந்தும் தன்னைக் காத்துக்கொள்ள அவர் முயலவில்லை. இதைப் போய் ‘தற்காப்பு’ என்று எழுதலாமா?

மரண தண்டனை வரக்கூடிய குற்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதையே அமெரிக்கப் படைச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு அன்று தடுத்தது. அரசு தன் தரப்பை மெய்ப்பித்தே ஆகவேண்டியிருந்தது. ஒப்புக்கொள்ளும் வாசலை அடைத்த சட்டம், தனியாக நின்று பேசும் வாசலைத் திறந்து வைத்திருந்தது. ஹசனுக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர்கள் அந்த இடைவெளியில்தான் சிக்கினார்கள். அவர் மரண தண்டனையைத் தேடியே போகிறார், அதற்குத் துணைபோக எங்கள் மனசாட்சி இடம் தராது என்று முறையிட்டார்கள். நீதிபதி அவர்களை விடுவிக்கவில்லை. 2013 ஆகஸ்டில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2023-இல் படைத்துறை மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வழக்குரை’ நம்மிடம் பழைய சொல். சிலப்பதிகாரத்தில் கண்ணகி பாண்டியன் அவையில் தானே நின்று வழக்குரைக்கும் பகுதியின் பெயரே வழக்குரை காதை. தன்வரலாறு, தன்னாட்சி என்ற அமைப்பில் ‘தன்வழக்குரை’ என்பது இயல்பாக நாவில் வருகிறது. காத்துக்கொள்கிறாரா கைவிடுகிறாரா என்று அது எதையும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பேசுபவர் யார் என்பதை மட்டும் சொல்கிறது. ஆளைக் குறிக்க ‘தன்வழக்குரைஞர்’ வேண்டாம். ‘தன் வழக்குரைஞர்’ என்று பிரித்துப் படித்துவிடுவார்கள். ‘தன்வழக்குரைப்பவர்’ போதும். உதவிக்கு அமர்த்தப்படுபவரை ‘உடனிருக்கும் வழக்குரைஞர்’ எனலாம்.

இன்னொன்று. தமிழ்நாட்டுக் குற்றப்பத்திரிகைகளில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ என்று எழுதுவது வழக்கம். படைத்துறை வழக்கில் அந்தச் சொல்லைத் தொடவே கூடாது. போர்க்கள எதிரி என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ நீளம்தான், ஆனாலும் அதுவே சரி.

செய்தியில் இப்படி வரும்: “மேஜர் ஹசன் கேட்ட தன்வழக்குரைக்கு நீதிபதி அனுமதி அளித்தார். பிறரைக் காக்கச் சுட்டதாக அவர் முன்வைத்த எதிர்வாதத்தை ஏற்க மறுத்தார்.”